பாலைவனத்து விண்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றன் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சகாராவில் எடுக்கப்பட்ட ஒரு விண்கல்லின் வெட்டுத் துண்டு என்னிடம் இருக்கிறது, தீப்பெட்டி அளவுதான். அதோடு வந்த அட்டையில் "எல்5, எஸ்3, டபிள்யூ2" என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள், அவர்களுடைய அம்மா அப்பாமார், பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக்கல் வியாபாரம் செய்கிறவர்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் என்று அதைக் கையில் எடுத்துப் பார்த்த எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கூடவே, தோட்டத்தில் கிடந்த கறுப்புக் கல் ஒன்றையும் கொண்டு வருகிறார்கள். அந்த அட்டையில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் யாரோ கல்லை வெட்டி, தேய்த்து, அளந்து பார்த்த வேலை இருக்கிறது. அது புரிந்தால் கையிலுள்ள கல்லைப் பற்றிய பாதிச் சந்தேகம் தானாகத் தீரும் என்பதால் கேள்விகளை அவரவர் கேட்டபடியே எழுதி, பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

டீச்சர், விண்கல்லுன்னா இரும்புதானே? இது சும்மா கல்லு மாதிரி இருக்குதே?

விழுகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை கல்தான். விழும்போது கண்ணால் கண்டு எடுத்தவற்றைக் கணக்குப் பார்த்தால் 100க்கு 94 அளவில் கல் வகை, 5 அளவில் இரும்பு, மிச்சம் இரண்டும் கலந்தது. நூதனசாலைகளில் இரும்பு அதிகமாகத் தெரிவதற்குக் காரணம், அது எங்கே கிடந்தாலும் வித்தியாசமாகக் கண்ணில் படும், சீக்கிரம் சிதையாது. கல் வகையோ கொஞ்ச நாளில் மற்றக் கற்களோடு கற்களாகக் கலந்துவிடும்.

ஆனால் "சும்மா கல்" இல்லை. வெட்டிய பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளிப் பொட்டுகள் மின்னும். அது உலோக இரும்பு, நிக்கலோடு கலந்தது. பூமியின் மேற்பரப்புப் பாறைகளில் இரும்பு இப்படி உலோகமாக இருப்பது மிக மிக அரிது.

பாலைவனத்துல மட்டும் ஏன் கிடைக்குது? நம்ம மலைநாட்டுல விழாதா?

விழும். வானத்துக்குப் பாலைவனம், தேயிலை மலை என்ற பேதம் கிடையாது. 1795இல் முல்லைத்தீவில் ஒன்று விழுந்தது பதிவாகியிருக்கிறது, அதுவும் என் துண்டைப்போல் எல் வகைதான். விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வட்டவளை, கினிகத்தேனை பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டுகிறது. அந்த ஈரத்தில் உலோகப் பொட்டுகள் துருவாகும், துரு பருத்துக் கல்லை வெடிக்க வைக்கும், அப்புறம் அது செம்மண்ணோடு மண். அதற்கு முன்பே புல்லும் செடியும் மூடிவிடும்.

சகாராவிலும் ஓமானிலும் மழை அபூர்வம், செடி இல்லை, தரை வெளிறியது. மெல்லிய மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போக, கற்கள் மேலேயே தங்கிவிடுகின்றன. பல்லாயிரம் வருடங்களாக விழுந்தவை அப்படியே கிடப்பதால், கறுப்பாக ஒன்று தெரிந்தால் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். அந்தாட்டிக்கா பனியிலும் இதே கதைதான்.

வெட்டின பக்கத்துல உருண்டை உருண்டையா தெரியுதே, அது என்ன?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் அன்றைக்குப் பாடம் அதிலேயே முடிந்துவிடும், அவ்வளவு பிடித்த விஷயம் எனக்கு. அவற்றுக்குப் பெயர் கொண்ட்ரூல். உருண்டைகள் உள்ள கல் வகை கொண்ட்ரைட். சூரியனைச் சுற்றிக் கோள்கள் எதுவுமே உருவாகாத காலத்தில், வெறும் தூசும் வாயுவும் சுழன்றுகொண்டிருந்தபோது, தூசுக் கட்டிகள் திடீரென்று 1500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகி உருகி, வெளியில் மிதந்தபடியே துளிகளாகி, சில மணித்தியாலங்களிலிருந்து சில நாட்களுக்குள் இறுகிவிட்டன. வயது ஏறக்குறைய 456 கோடி வருடம். எது அவற்றைச் சூடாக்கியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. தூசு மண்டலத்தில் ஓடிய அதிர்ச்சி அலைகள் என்கிறார்கள் ஒரு பகுதியினர், சிறு கோள்கள் மோதியதில் தெறித்த துளிகள் என்கிறார்கள் இன்னொரு பகுதியினர்.

பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. சாதாரண கொண்ட்ரைட் எனப்படும் கற்களில் எச், எல், எல்எல் என்று மூன்று வகை உண்டு, விளக்கம் கீழே வருகிறது. எச் வகையில் சராசரி 0.3 மில்லிமீற்றர், எல், எல்எல் வகைகளில் கொஞ்சம் பெரிது. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்றில் இணை கோடுகளாக ஒலிவைன் என்ற கனியம், ஒன்றில் ஒரு ஓரத்திலிருந்து விசிறியாக விரியும் பைரொக்சீன் என்ற கனியம், இன்னொன்றில் கண்ணாடிக்குள் மிதக்கும் பளிங்குகள். பூமியில் எந்தப் பாறையும் இப்படி உருவானதில்லை. வெட்டிய முகத்தில் உண்மையான கொண்ட்ரூல் தெரிந்தால் வேறு சாட்சி தேவைப்படாது.

அதுக்குள்ள என்னென்ன கனியம் இருக்கு?

அதிகம் இருப்பது ஒலிவைன். கல் வியாபாரிகளுக்கு அதைத் தெரியும், தெளிந்த பச்சையாக வந்தால் அதுதான் பெரிடொட். அடுத்தது கல்சியம் குறைந்த பைரொக்சீன், அதற்கடுத்துக் கொஞ்சம் பிளாஜியோகிளேஸ். உலோகம் இரண்டு விதம்: நிக்கல் குறைவான கமசைட், நிக்கல் கூடிய டீனைட். பிறகு வெண்கல நிறத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ட்ரொய்லைட். கடைசியாகப் பொடிப்பொடியாகக் குரோமைட், பொசுபேற்றுக் கனியங்கள்.

எது இல்லை என்பதும் முக்கியம். நம்முடைய மலைகள் பெரும்பாலும் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள். சார்னோக்கைட், கார்னெட் நிறைந்த நைசு, குவார்ட்சைட் எல்லாம் வீதியோரத்து வெட்டுகளிலேயே தெரியும். குவார்ட்ஸ், கார்னெட், மைக்கா மூன்றும் இங்கே எங்கும் கிடைக்கும். சாதாரண கொண்ட்ரைட்டில் இவற்றைக் கண்ணால் காண முடியாது. உங்கள் கல்லில் கண்ணாடி மாதிரி வெள்ளை மணியோ, செந்நிறக் கார்னெட்டோ, மினுங்கும் தகடோ இருந்தால் அது நம்ம ஊர்க் கல்தான்.

எச், எல், எல்எல்னு எழுதுறாங்களே, அது தரமா?

தரம் இல்லை, இரும்புக் கணக்கு. எச் என்றால் மொத்த இரும்பு அதிகம், நிறையில் சுமார் 27 வீதம். எல் 22 வீதம் அளவில். எல்எல்லில் மொத்த இரும்பும் குறைவு, உலோக இரும்பு அதைவிடக் குறைவு. உலோகத்தை மட்டும் எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: எச் துண்டில் பொட்டுகள் நெருக்கமாக மின்னும், எல்லில் ஐதாக, எல்எல்லில் தேடிப் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்த்து முடிவு எழுத மாட்டார்கள். தேய்த்த துண்டை இலத்திரன் கற்றை பாய்ச்சும் கருவியில் வைத்து, ஒலிவைனுக்குள் எத்தனை வீதம் இரும்புப் பங்கு, அதாவது ஃபயலைட், என்று அளப்பார்கள். எச் வகையில் அது 16 முதல் 20, எல்லில் 22 முதல் 26, எல்எல்லில் 26க்கு மேல் 32 வரை. உலோகம் குறையக் குறையக் கனியத்துக்குள் இரும்பு கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒட்சிசனோடு சேராத இரும்பு உலோகமாக நின்றது, சேர்ந்தது ஒலிவைனுக்குள்ளும் பைரொக்சீனுக்குள்ளும் போய்விட்டது. என் துண்டு எல் என்றால், அதன் ஒலிவைன் அந்த நடு வரம்புக்குள் விழுந்திருக்கிறது.

அப்ப 5, 6னு எண் கூடக்கூட நல்ல கல்லா? விலை கூடவா?

எண் சொல்வது வெப்பத்தை. 1967இல் வான் ஷ்மூஸ், வுட் என்ற இருவர் கொடுத்த முறை இது. சிறுகோள் ஒன்று திரண்ட பிறகு அதற்குள் இருந்த அலுமினியம்-26 என்ற கதிர்த்தொழிற்பாட்டு வகை சிதைந்து உள்ளிருந்து சூடாக்கியது. ஆழத்தில் இருந்த கல் அதிகம் வெந்தது, மேலோட்டில் இருந்தது குறைவாக வெந்தது. சவ்வரிசி கஞ்சி கொதிக்கக் கொதிக்க மணிகளின் ஓரம் கரைந்து கஞ்சியோடு சேர்வதைப் பார்த்திருப்பீர்கள், 3இலிருந்து 6 வரை கொண்ட்ரூல்களுக்கு நடந்ததும் அதுதான், திரவம் இல்லாமல், திண்மமாகவே. 3இல் ஓரங்கள் கூர்மை, உள்ளே கண்ணாடிகூட மிச்சம் இருக்கும். 6இல் உருண்டை எது, சுற்றியுள்ளது எது என்று பிரிக்கவே கஷ்டம், வெப்பநிலை 900 பாகைக்கும் மேலே போயிருக்கும். 1, 2 என்ற எண்கள் வேறு பக்கம், அவை தண்ணீரால் மாறிய கற்கள்.

ஆகவே எண் கூடினால் விலை கூடும் என்பது தலைகீழ். ஆய்வாளர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் 3தான் அதிகம் வேண்டும், அதையே 3.0 முதல் 3.9 வரை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். எல்5, எச்5 மாதிரியானவை பாலைவனத்திலிருந்து நிறைய வருகின்றன. நல்ல நீலக்கல்லோடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை. இதைச் சொன்னதும் முகம் வாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் மறைத்துச் சொல்ல மனம் வராது.

எஸ்3, டபிள்யூ2ன்னா?

எஸ் என்பது அடி வாங்கிய அளவு. விண்வெளியில் மோதல்கள் நடக்கும்போது அதிர்ச்சி கல்லுக்குள் ஓடி ஒலிவைனில் தழும்பு போடும். எஸ்1இல் ஒன்றும் இல்லை, எஸ்2இல் துண்டை நுணுக்குக்காட்டியில் சுழற்றிப் பார்க்கும்போது கனியத்துக்குள் ஒளி அணைவது சீராக இருக்காது, எஸ்3இல் நேர்கோட்டு வெடிப்புகள், எஸ்5இல் பிளாஜியோகிளேஸ் உருகாமலே கண்ணாடியாகிவிடும். எஸ்6இல் கறுப்பு நரம்புகளுக்குள் ஒலிவைன் ரிங்வூடைட் என்ற அடர்ந்த வடிவத்துக்கு மாறியிருக்கும். இயற்கையில் ரிங்வூடைட்டை முதலில் கண்டதே 1969இல், அவுஸ்திரேலியாவின் டென்ஹம் விண்கல்லில்.

டபிள்யூ என்பது பூமிக்கு வந்த பிறகு துருவேறிய அளவு. டபிள்யூ1இல் உலோகத்தைச் சுற்றி மெல்லிய துரு விளிம்பு, 2இல் உலோகமும் ட்ரொய்லைட்டும் 20 முதல் 60 வீதம் வரை போயிருக்கும், 3இல் 95 வீதம் வரை, 4இல் ஏறக்குறைய எல்லாம். 5, 6இல் ஒலிவைனும் பைரொக்சீனுமே மாறத் தொடங்கும். இரண்டாவது கேள்வியில் சொன்ன மழைக் கதை இங்கே எண்ணாக வந்திருக்கிறது.

எங்க லயத்துக்குப் பின்னால ஒரு கல்லு, காந்தம் ஒட்டுது, கறுப்பா இருக்கு, தூக்க முடியலை. விண்கல்தானே?

அநேகமாக இல்லை, கோபிக்க வேண்டாம். மலைநாட்டில் இந்த மூன்று குணமும் உள்ள பொருட்கள் நிறைய. மக்னடைற்று என்ற இரும்புத் தாது இருக்கிறது. பழைய புகையிரதப் பாதையோரம் நீராவி எஞ்சின் காலத்து நிலக்கரிக் கசடு கிடக்கிறது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ சரிவுகளில் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றை வைத்தே உலை ஊதி இரும்பு உருக்கியிருக்கிறார்கள், அந்தக் கசடுகள் அங்கே இன்னும் கிடக்கின்றன. அவை விண்கல்லைவிடக் குறைந்தவை என்று நான் நினைக்கவில்லை, காற்றால் உலை எரித்த மனிதர்களின் கைவேலை அது. எங்கே கிடந்தது என்று குறித்து வையுங்கள்.

பிரித்துப் பார்க்க இலகுவான வழிகள் உண்டு. கல்லில் காற்றுக் குமிழி ஓட்டைகள் இருந்தால் பெரும்பாலும் கசடு, சாதாரண கொண்ட்ரைட்டில் குமிழி இருக்காது. மினுக்கில்லாத ஓட்டுத் துண்டின் பின்பக்கத்தில் உரசுங்கள்: கறுத்த கோடு மக்னடைற்று, செங்கோடு ஹெமடைற்று என்ற இன்னொரு இரும்புத் தாது, புதிய விண்கல் அநேகமாகக் கோடு விடாது. அடுத்தது அடர்த்தி. கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள், பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்து, கல்லை நூலில் கட்டி அடியில் முட்டாமல் முழுக்க அமிழ்த்துங்கள், தராசில் எத்தனை கிராம் கூடுகிறதோ அதுதான் கல்லின் கனவளவு. நிறையை அதால் வகுங்கள். சாதாரண கொண்ட்ரைட் 3.2 முதல் 3.7க்குள் வரும். 2.7 வந்தால் பெரும்பாலும் நம்முடைய மலைப் பாறை, 5க்குக் கிட்ட வந்தால் இரும்புத் தாது. எல்லாம் தாண்டினால் ஒரு மூலையை மட்டும் அரத்தால் தேய்த்து, உலோகப் பொட்டு தெரிகிறதா என்று பாருங்கள். முழுக் கல்லையும் சுத்தியலால் உடைக்காதீர்கள்.

நிக்கல் இருந்தா உறுதிதானே? கல் பரிசோதிக்கிற இடத்துல ஒரு நிமிசத்துல சொல்லுவாங்களே.

நிக்கல் இல்லை என்றால் பெரும்பாலான கேஸ் அங்கேயே முடியும். இருந்தால் மட்டும் முடிவாகாது. சாதாரண கொண்ட்ரைட்டில் மொத்தமாக 1 முதல் 1.8 வீதம் வரை நிக்கல் உண்டு, உலோகப் பொட்டில் குறைந்தது 5 வீதம் அளவில். ஆனால் துருப்பிடிக்காத உருக்கிலும் நிக்கல் உண்டு, இயந்திர உதிரிப்பாகம் உருகிய கட்டி அங்கே வைத்துப் பார்க்கிற எக்ஸ் கதிர்க் கருவியை ஏமாற்றிவிடும். தவிர, அந்தக் கருவி மேல் தோலை மட்டும்தான் படிக்கும், தோல் துருவேறியிருந்தால் எண்கள் பிசகும். நிக்கலும் கொண்ட்ரூலும் சேர்ந்து வந்தால்தான் என் மனம் ஒப்பும். அந்த நிலைக்கு வந்த கல்லைப் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மாமா ஓமான்ல வேலை செய்யும்போது பாலைவனத்துல எடுத்துட்டு வந்தார். அதுக்குப் பேர் வைக்க முடியுமா?

முதலில் சட்டம். அனுமதி இல்லாமல் விண்கல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது ஓமானில் குற்றம், வெளிநாட்டுத் தேடல்காரர்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள். அங்கே இருக்கிற உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லிவையுங்கள், ஒரு கல்லுக்காக வேலையும் விசாவும் போக வேண்டாம்.

பெயர் கொடுப்பது விண்கல் ஆய்வாளர் சங்கத்தின் பெயரிடும் குழு. ஆய்வுகூடம் ஒன்று மேலே சொன்ன அளவுகளை எல்லாம் எடுத்து அனுப்ப வேண்டும். மாதிரியாக 20 கிராம் அல்லது மொத்த நிறையில் 20 வீதம், எது குறைவோ அது, ஒரு நிறுவனத்தில் நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும். எடுத்த இடம் சரியாகத் தெரியாமல் சகாராச் சந்தைகள் வழியே வந்தவைக்கு "வடமேற்கு ஆப்பிரிக்கா" என்ற பெயரும் ஒரு இலக்கமும் கிடைக்கும். இடம் தெரிந்தால் அந்த இடத்தின் பெயர். ஆகவே எடுத்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு இல்லாத கல் பாதிக் கதையைத் தொலைத்த கல்.

2012ல பொலன்னறுவையில விழுந்த கல்லுல உயிர் இருந்ததுன்னு பேப்பர்ல போட்டாங்களே?

2012 டிசம்பர் 29 அன்று விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்கள் அவை. அவற்றுக்குள் டயற்றம் என்ற நுண்ணிய பாசியின் ஓடுகள் இருந்தன என்பதுதான் பெரிய செய்தி. விண்கல் ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. இதுவரை படித்ததை வைத்து நீங்களே பார்க்கலாம்: கொண்ட்ரூல் காட்டப்படவில்லை, சிலிக்கா மிக அதிகம், அடர்த்தியோ தண்ணீரைவிடக் குறைவு என்று அறிக்கை. மூன்றாவது, நான்காவது, எட்டாவது பதில்களோடு ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பொருந்தாது. டயற்றம் நம்முடைய குளத்துத் தண்ணீரிலேயே தாராளமாக வாழ்கிறது. செய்தி நம் நாட்டைப் பற்றியது என்பதற்காக அளவீட்டை இளக்க முடியாது.

ரெண்டு கல்லுக்கும் எல்5னு போட்டா ரெண்டும் ஒரே கல்லோட துண்டா?

இல்லை. ஒரே வகை என்றால் ஒரே தாய்ச் சிறுகோள் என்று எடுத்துக்கொள்ளலாம், ஒரே நாளில் விழுந்தவை என்று எடுக்க முடியாது. எல் வகையின் தாய்க் கோள் சுமார் 47 கோடி வருடங்களுக்கு முன் பெரிய மோதலில் சிதறியது, அந்தக் காலத்தில் கடலடியில் விழுந்த துண்டுகள் சுவீடனின் சுண்ணக்கல்லுக்குள் புதைந்த நிலையில் கிடைத்திருக்கின்றன. அதன் சிதறல்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. எல்எல்லுக்கோ இன்னும் நேரடிச் சாட்சி உண்டு: ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010இல் இட்டோகாவா சிறுகோளிலிருந்து கொண்டுவந்த துணிக்கைகள் எல்எல் வகையோடு ஒத்துப்போயின.

ஒரே விழுகையின் துண்டுகளா என்று பார்க்க ஃபயலைட், எஸ், டபிள்யூ எல்லாம் பொருந்த வேண்டும், கிடந்த இடம் கிட்டக்கிட்ட இருக்க வேண்டும். அதற்கு மேலும் சந்தேகம் என்றால் கார்பன்-14 மாதிரியானவற்றை அளந்து, பூமிக்கு வந்து எத்தனை காலம் என்று கணிப்பார்கள்.

உருண்டையே இல்லாத கல்லையும் விண்கல்னு சொல்றாங்களே, அப்ப நீங்க சொன்னது பிழையா?

கொண்ட்ரூல் இருந்தால் விண்கல் என்பது சரி. இல்லாவிட்டால் விண்கல் இல்லை என்று நான் சொல்லவில்லை. முழுவதும் உருகி மறுபடி இறுகிய சிறுகோள்களிலிருந்தும், சந்திரனிலிருந்தும், செவ்வாயிலிருந்தும் வருகிற கற்களில் உருண்டை இருக்காது, பெரும்பாலும் உலோகமும் இருக்காது, காந்தமும் சரியாக ஒட்டாது. வெஸ்டா சிறுகோளிலிருந்து வருவதாகக் கருதப்படும் யூக்ரைட்டை வெட்டினால் பிளாஜியோகிளேசும் பைரொக்சீனும்தான், பூமி எரிமலைப் பாறை மாதிரியே இருக்கும். விழுந்த புதிதில் பளபளக்கும் கறுப்புத் தோல் ஒன்றுதான் வெளி அடையாளம். பைரொக்சீனில் இரும்புக்கும் மங்கனீசுக்கும் உள்ள விகிதமும், ஒட்சிசன் சமதானிகளின், அதாவது நிறை வேறுபட்ட ஒட்சிசன் அணுக்களின், விகிதமும்தான் தீர்ப்புச் சொல்லும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை எதுவும் இங்கே உதவாது.

டீச்சர், நம்ம ஊர் ஈரத்துக்கு இந்தத் துண்டு துருப் பிடிக்காதா?

பிடிக்கும், டபிள்யூ எண் அலுமாரிக்குள்ளும் ஏறும். பாலைவன உப்பு கல்லுக்குள் ஏற்கெனவே இறங்கியிருக்கும், அந்த உப்பிலுள்ள குளோரைட்டும் ஈரமும் சேர்ந்தால் உலோகத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் பொட்டுகள் வரும். வெறுங்கையால் வெட்டிய முகத்தைத் தொடவேண்டாம், வியர்வையிலும் உப்பு இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவவே வேண்டாம். துரு தெரிந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தூய அற்ககோலில் அலசி, மெல்லிய சூட்டில் நன்றாக உலர்த்துங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நுவரெலியா, ஹற்றன் பக்கம் மழைக்காலத்தில் அந்தப் பை சீக்கிரமே ஈரத்தை இழுத்துவிடும், நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். அட்டையையும் அதே டப்பாவுக்குள் வையுங்கள்.